சட்டாம்பிள்ளை இல்லாத வகுப்பறை

(போளூரில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் பெற்றோர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு தொடக்கப் பள்ளி வகுப்பறையில் நாள் முழுக்க அதிகம் காதில் விழும் பேச்சு எந்தப் பாடநூலிலும் இல்லை. ‘டீச்சர், பென்சில் மொக்கையாயிடுச்சு.’ ‘சார், முடிச்சிட்டேன், அடுத்து என்ன சார்?’ ‘மிஸ், இவன் என் ரப்பரைக் குடுக்க மாட்டேங்கறான்.’ இவற்றோடு, ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டி ஒன்றுக்குப் போக அனுமதி கேட்டு நிற்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எதுவும் தப்பான பேச்சில்லை. ஆனால் எல்லாமே ஆசிரியரின் மேசைக்கு வந்து அவருடைய ஒரு சொல்லுக்காகக் காத்து நிற்கின்றன. எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, முழுதாக ஐந்து நிமிடம் அதன் வாயைப் பார்த்துக் கேட்பது நடக்காத காரியமாகிவிடுகிறது. இன்று நான் சொல்ல வந்தது இதுதான்: வகுப்பு நடப்பதற்கான அன்றாட வேலைகள் அத்தனையையும் பிள்ளைகள் கையில் ஒப்படைத்துவிட வேண்டும், ஆனால் ஒரு பிள்ளைக்கு இன்னொரு பிள்ளையின் மேல் அதிகாரம் கொடுக்கக் கூடாது. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இரண்டையும் போட்டுக் குழப்பியதால் நம் பள்ளிகளில் விளைந்த கேடு கொஞ்சமல்ல.

முதலில் ஒரு கணக்கு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரக் கற்பித்தல் என்று வரையறுத்திருக்கிறது. நாளுக்கு நான்கு மணி நேரம். காலை வணக்கம் முடிந்து உள்ளே வந்து உட்கார்வது, ஒரு பாடத்தை மூடி இன்னொன்றை எடுப்பது, வரிசையிலிருந்து குழுவாக மாறுவது, மதியச் சாப்பாட்டுக்குப் பின் மறுபடி அடங்குவது என்று நாளுக்கு நான்கு இடமாற்றங்கள் என்று வையுங்கள். ஒவ்வொன்றும் பத்து நிமிடம் பிடித்தால் நாளுக்கு 40 நிமிடம். ஆண்டுக்கு 8,000 நிமிடம், அதாவது 133 மணி நேரம். சட்டம் கேட்கும் 800 மணியில் ஆறில் ஒரு பங்கு, வேலை நாளாகச் சொன்னால் 33 நாள், இப்படியே கரைந்துபோகிறது. அட்டையை யார் எடுப்பது, பாயை யார் விரிப்பது, முடித்தவர்கள் என்ன செய்வது என்று பிள்ளைகளுக்கே தெரிந்த வகுப்பில் பத்து நிமிடம் இரண்டு நிமிடமாகும். வகுப்பறை நடைமுறை என்பதைச் சில்லறைக் காரியம் என்று பயிற்சி வகுப்புகளில் கடைசி அரை மணிக்குத் தள்ளிவிடுகிறார்கள். 33 நாள் சில்லறையா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

சமவெளியில் இருப்பவர்களுக்கு இது வசதி பற்றிய பேச்சு. இந்தப் போளூரிலிருந்து அத்திமூர் தாண்டி ஜவ்வாது மலை ஏறிவிட்டால் பிழைப்பு பற்றிய பேச்சு. அதே சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை இருக்கும் தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து. ஆகவே ஓர் ஆசிரியர் எப்போதும் இரண்டு மூன்று வகுப்புகளை ஒரே அறையில் வைத்துத்தான் ஆக வேண்டும். அவர் மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஒன்றாம் வகுப்பு அவர் இல்லாமல் நடக்க வேண்டும். ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போனால் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். மலைக்குப் போகும் பேருந்து தாமதமானால் காலை முதல் அரை மணி யாருடைய பொறுப்பு என்ற கேள்வியும் இருக்கிறது. சிற்றூர்கள் தள்ளித் தள்ளி இருப்பதால் பிள்ளைகள் ஒரே நேரத்தில் வந்து சேர்வதும் இல்லை. பெற்றோர் வேலை தேடி வெளியூர் போகும் பருவத்தில் சில பிள்ளைகள் வாரக் கணக்கில் காணாமல் போய், திரும்பி வந்து விட்ட இடம் தெரியாமல் விழிக்கும். எல்லாரும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடிக்கும் வகுப்பை இங்கே எதிர்பார்ப்பது வீண். ஆசிரியரின் குரலை மட்டும் நம்பி ஓடும் வகுப்பு, அந்தக் குரல் வேறு பக்கம் திரும்பிய நொடியில் நின்றுவிடும்.

குரலை உயர்த்தினால், கம்பை மேசையில் தட்டினால் அடங்கிவிடுவார்களே என்று கேட்கலாம். அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கௌனின் இதைத்தான் ஆராயத் தொடங்கினார். குறும்பு செய்யும் பிள்ளையை ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதைப் பொறுத்தே வகுப்பின் ஒழுங்கு அமையும் என்பதுதான் அவரும் முதலில் எதிர்பார்த்தது. வகுப்பறைகளை வீடியோவில் பதிவுசெய்து நிமிடம் நிமிடமாகப் பார்த்தபோது அப்படி எந்தத் தொடர்பும் அகப்படவில்லை. அன்பாகச் சொன்னவர், அதட்டியவர், தண்டித்தவர் எல்லாருடைய வகுப்பிலும் ஒழுங்கும் இருந்தது, குழப்பமும் இருந்தது. வேறுபாடு வேறிடத்தில் இருந்தது. நல்ல வகுப்புகளில் ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு இடறாமல் போனார்கள். ஆசிரியர் ஒரு பிள்ளையிடம் பேசும்போதே மூலையில் நடப்பதையும் கவனித்துக்கொண்டிருந்தார். கையில் வேலை இல்லாத பிள்ளை அநேகமாக இல்லை. 1970இல் அவர் இதைப் புத்தகமாக வெளியிட்டார். ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகியும் ‘கன்ட்ரோல் பண்ணத் தெரிஞ்ச டீச்சர்’ என்ற பாராட்டை நாம் இன்னும் தொண்டை பலத்துக்குத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பிள்ளைகளிடம் வேலையை ஒப்படைப்பது மேல்நாட்டிலிருந்து வந்த சரக்கு இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடம் அப்படித்தான் நடந்தது. மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்கு மணலில் எழுத்துச் சொல்லிக்கொடுப்பான். வாத்தியார் மூத்தவனைப் பார்த்துக்கொள்வார். 1822இல் கவர்னர் தாமஸ் மன்றோ சென்னை மாகாணத்துப் பள்ளிகளைப் பற்றிக் கணக்கெடுக்கச் சொன்னபோது, பெல்லாரி கலெக்டர் கேம்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கை இந்த முறையை மெச்சுகிறது. சொல்லிக்கொடுப்பதால் மூத்த மாணவனின் கல்வியும் உறுதிப்படுகிறது என்பதை அவர் அப்போதே கண்டு எழுதியிருக்கிறார். அதற்கும் முன்பே, சென்னை எழும்பூரில் ராணுவ அனாதைச் சிறுவர் விடுதிப் பள்ளியை 1789 முதல் நடத்திவந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்து அதைத் தன் பள்ளிக்குக் கொண்டுபோனார். அங்கிருந்த ஆசிரியர்கள் முகம் சுளித்தார்கள். அவர் எட்டு வயதுப் பையன் ஒருவனைப் பிடித்து அரிச்சுவடி வகுப்பை அவனிடம் விட்டார். 1797இல் லண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கையால் ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயர் உலகமெங்கும் பரவியது. நம்மூர்த் திண்ணைக்கு இங்கிலாந்தில் கிடைத்த மரியாதையைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம், நானும் சொல்லிக்கொள்வதுண்டு.

ஆனால் கேம்பெல் அறிக்கையின் இன்னொரு பகுதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள். இரண்டாவதாக வருபவன் கையில் ஒரு பூஜ்யம். அவனுக்குப் புகழும் இல்லை, இகழும் இல்லை. மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அடுத்தடுத்து வருபவர்களுக்கு ஒவ்வொன்றாகக் கூடும். இதுவும் ஒரு நடைமுறைதான். பிள்ளைகளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த, தினமும் தவறாமல் நடந்த நடைமுறை. முப்பதாவதாக வந்த பிள்ளையின் கையை நினைத்துப் பாருங்கள். அந்தப் பள்ளியின் ஒழுங்கு அச்சத்தில் நின்றது. அச்சத்தை நடத்திக்கொடுக்க ஒரு சட்டாம்பிள்ளை வேண்டியிருந்தது. உ.வே.சா. தன் வரலாற்றில் தம் பள்ளி நாட்களைச் சொல்லும்போது சட்டாம்பிள்ளையையும் சொல்கிறார். வாத்தியார் இல்லாதபோது வாத்தியார் அவன். கடல் தாண்டிப்போன முறையிலும் இதே கோளாறு முளைத்தது. லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் ஒரே ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். தப்புச் செய்த பிள்ளையைக் கூடையில் ஏற்றி எல்லார் பார்வையும் படும்படி தொங்கவிடுவது வரை அங்கே போயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் இங்கிலாந்து அந்த முறையைக் கைவிட்டது. நம் வகுப்பறைகளில் அது இன்னும் ‘லீடர்’ என்ற பெயரில் உயிரோடு இருக்கிறது. ஆசிரியர் வெளியே போனால் பலகையில் ‘பேசியவர்கள்’ என்று தலைப்பிட்டுப் பெயர் எழுதும் பிள்ளையை எல்லாருக்கும் தெரியும். அவன் நண்பன் பெயர் பலகையில் ஏறாது. வேண்டாதவன் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி போட்டு இரண்டு, மூன்று என்று எண்ணும் ஏறும். ஆசிரியர் இல்லாத அந்தச் சில நிமிடங்களில் வகுப்பு கற்றுக்கொள்வது, வேவு பார்ப்பது ஒரு பதவி என்பதை.

இந்தச் சிக்கலை அவிழ்க்க நம் மாநிலத்திலேயே ஒரு பெரிய முயற்சி நடந்தது. அதன் தொடக்கம் மட்டும் நம் எல்லைக்கு வெளியே. கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் 1972இல் டேவிட் ஹார்ஸ்பர்க் தொடங்கிய நீல்பாக் பள்ளியில் வகுப்புப் பிரிவினை இல்லை, தேர்வும் இல்லை. அங்கே பயின்ற பத்மநாப ராவும் ரமாவும் ஆந்திரத்து ரிஷி பள்ளத்தாக்கைச் சுற்றியுள்ள ஓராசிரியர் பள்ளிகளுக்காக அட்டைகளும் கற்றல் ஏணியும் கொண்ட ஒரு முறையை வளர்த்தார்கள். 2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார் தம் பள்ளி ஆசிரியர்களை அங்கே அனுப்பிப் பழக வைத்தார். சென்னையில் தொடங்கியது, 2007 முதல் செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் மாநிலம் முழுவதற்கும் வந்தது. இங்கே இருக்கும் ஆசிரியர்களில் பலர் அதில் வேலை பார்த்தவர்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெற்றோர்களுக்காக மட்டும் சொல்கிறேன். பிள்ளை காலையில் வந்ததும் தன் வருகையைத் தானே பதிந்துகொள்ளும். காலநிலை அட்டவணையில் அன்றைய வானத்தைக் குறிக்கும். ஆரோக்கியச் சக்கரத்தில் நகம் வெட்டியதையும் பல் துலக்கியதையும் தானே பார்த்துக்கொள்ளும். ஏணியில் தான் நிற்கும் படியைப் பார்த்து, அந்தப் படிக்குரிய அட்டையைச் சின்னத்தை வைத்து அடையாளம் கண்டு எடுக்கும். அந்த அட்டை சொல்லும் குழுவில் போய்ப் பாயில் உட்காரும். ஆசிரியர் துணையோடு கற்பதிலிருந்து தானே கற்பது, மதிப்பீடு வரை ஆறு குழுக்கள். எழுத, தரையோடு ஒட்டிய கரும்பலகை. எழுதியதை, வரைந்ததைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல்.

அதன் அருமை எதில் இருந்தது? ‘அடுத்து என்ன சார்?’ என்ற கேள்விக்கு விடை ஆசிரியரிடமும் இல்லை, சட்டாம்பிள்ளையிடமும் இல்லை, ஏணியில் இருந்தது. பத்து நாள் வராமல் இருந்து வந்த பிள்ளை தான் விட்ட படியிலேயே தொடங்க முடிந்தது. ஒழுங்கு பொருளில் உட்கார்ந்துவிட்டதால் அதை நடத்த ஓர் அதிகாரி தேவைப்படவில்லை. இது சாதாரணமான சாதனை இல்லை. குறையும் அங்கேயேதான் இருந்தது. பிள்ளைகள் குழுவாக உட்கார்ந்தார்கள். வேலையோ பெரும்பாலும் தனித்தனி அட்டையோடு. ஆசிரியர் முதல் குழுவிடமே கட்டுண்டு கிடந்தார். அட்டை கிழிந்தால், தொலைந்தால் ஏணியில் ஒரு படி காணாமல் போகும். பிரிட்டனிலும் இதே காட்சிதான். மாரிஸ் கால்டனும் அவருடைய கூட்டாளிகளும் 1980இல் வெளியிட்ட ஆய்வு, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் மேசையைச் சுற்றிக் குழுவாக உட்கார்ந்திருக்கிறார்கள், ஆனால் அவரவர் வேலையை அவரவர் தனியாகத்தான் செய்கிறார்கள் என்று காட்டியது. பாயை வட்டமாகப் போட்டுவிட்டால் குழு உண்டாகிவிட்டதாக நம்புவது உலகப் பொதுவான பிழை.

குழு எப்போது குழுவாகிறது? ஒருவர் செய்யாவிட்டால் மற்றவர் வேலை நின்றுவிடும் என்னும்போது. ஓர் உதாரணத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். மலைப் பள்ளியில் புளியங்கொட்டைக்குப் பஞ்சமில்லை. நான்கு பிள்ளைகள் சேர்ந்த பாயில் ஒரு கொட்டாங்குச்சி நிறையப் புளியங்கொட்டையை வையுங்கள். மொத்தம் எத்தனை என்பதுதான் கேள்வி. கொட்டாங்குச்சியை அப்படியே விட்டுவிட்டால் கெட்டிக்காரப் பிள்ளை இழுத்து வைத்து எண்ணிவிடும். மற்ற மூன்றும் வேடிக்கை பார்க்கும். அதற்குப் பதிலாக ஆளுக்கு ஒரு கை அள்ளச் சொல்லுங்கள். ஒவ்வொருவரும் தன் பங்கைப் பத்துப் பத்தாகக் கூறு கட்டி எண்ணித் தன் சிலேட்டில் எழுத வேண்டும். பிறகு வலப்பக்கத்துப் பிள்ளையின் குவியலை எண்ணிச் சரிபார்க்க வேண்டும். அதன் பிறகே நான்கு எண்களையும் கூட்டலாம். கூட்டிய விடையை யார் சொல்வது என்பது முன்கூட்டித் தெரியாது; ஆசிரியர் பாயில் உள்ள யாரை வேண்டுமானாலும் கேட்பார், எப்படி வந்தது என்றும் கேட்பார். இப்போது நடப்பதைப் பாருங்கள். 27 கொட்டையை 25 என்று எண்ணிய சின்னப் பிள்ளையை ஒதுக்க முடியாது, அது சரியாக எண்ணினால்தான் மொத்தம் சரியாகும். அதற்குச் சொல்லிக்கொடுப்பது மற்றவர்களுக்கு லாபம். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் 2022 முதல் ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்புவரை அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று நிலைகளில் பிள்ளைகள் படிக்கிறார்கள் அல்லவா, இந்த ஒரு பாயில் மூன்று நிலையும் உட்காரலாம். அரும்பு எண்ணும், மொட்டு பத்துகளாகக் கட்டும், மலர் நான்கு எண்களைக் கூட்டும். மறுநாள் ஒரு படி மேலே முயன்று பார்க்கும். நிலைவாரியாகப் பிரிப்பது படிக்கக் கற்றுத்தரும் நேரத்துக்கு அவசியம். பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனத்தின் அனுபவம் அதை நன்றாகவே காட்டியிருக்கிறது. ஆனால் நாள் முழுக்க ‘அரும்புப் பசங்க’ ஒரு பாயிலேயே கிடந்தால் அது நிலையாக இருக்காது, பெயராகிவிடும்.

குழுவில் யார் பேசுகிறார்கள் என்பதை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் எலிசபெத் கோகன் நெடுங்காலம் ஆராய்ந்தார். அவருடைய முடிவு கசப்பானது. நன்றாகப் படிக்கிறவர் என்றோ, பெரிய இடத்துப் பிள்ளை என்றோ வகுப்பு யாரைக் கருதுகிறதோ அவர்களே குழுவில் அதிகம் பேசுகிறார்கள், அதிகம் பேசுகிறவர்களே அதிகம் கற்கிறார்கள். கவனிக்காமல் விட்ட குழு வேலை ஏற்றத்தாழ்வைக் குறைக்காது, வளர்க்கும். தமிழ்நாட்டில் இந்த ஏற்றத்தாழ்வுக்கு வேறு பெயர் சொல்லத் தேவையில்லை. வகுப்பறைப் பொறுப்புகளைப் பகிர்வதிலேயே அது தெரிந்துவிடும். பெருக்குவது யார்? பெண் பிள்ளைகள். சாவியும் மணியும் யார் கையில்? பையன்கள். கழிப்பறையைக் கழுவ எந்தத் தெருப் பிள்ளைகளை அனுப்பினார்கள் என்ற செய்தியை நாளிதழில் அவ்வப்போது படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். நாங்குநேரியில் பள்ளி மாணவர்களிடையே நடந்த சாதிக் கொடுமைக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், பிள்ளைகளை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்பதும் ஒரு பரிந்துரை. சின்ன விஷயம்போலத் தோன்றும். ஆனால் யார் யாருடன் உட்கார்வது என்பதைத் தெருவும் சாதியும் முடிவு செய்யாமல் ஒரு விதி முடிவு செய்கிறது. ஆகவே பொறுப்புகள் வாரம் ஒரு முறை சுற்ற வேண்டும், அந்தச் சுற்று எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி சுவரில் இருக்க வேண்டும். விளக்குமாறும் மணியும் ஒரே வரிசையில் சுற்ற வேண்டும். இந்த வாரம் மணி அடித்த பையன் அடுத்த வாரம் பெருக்குவான். பெற்றோர் யாராவது ‘எங்க பையன் பெருக்கறதா?’ என்று கேட்டு வந்தால், அந்தச் சுவரைக் காட்டினால் போதும். கழிப்பறை இந்தச் சுற்றில் வராது. அது பிள்ளைகளின் வேலையே இல்லை.

இனி ஆட்சேபங்கள். முதலாவது இரைச்சல். குழு வேலை நடக்கும் வகுப்பு சத்தமாக இருக்கிறது, வட்டாரக் கல்வி அலுவலர் வந்தால் என்ன நினைப்பார் என்கிறார்கள். வேலைச் சத்தமும் வெட்டிச் சத்தமும் வாசலில் நின்று ஒரு நிமிடம் கேட்டாலே பிரிந்துவிடும். ஆசிரியர் கை உயர்த்தினால் பார்த்த பிள்ளை கை உயர்த்தும், பத்து நொடியில் அறை அடங்கும் என்ற ஒரு பழக்கம் இருந்தால் போதும். அடங்கத் தெரிந்த வகுப்புக்குப் பேசும் உரிமை உண்டு. இரண்டாவது, நேரம். ஜூனில் பாடத்தை விட்டுவிட்டு அட்டை எடுக்கவும் பாய் விரிக்கவும் பழக்கிக்கொண்டிருந்தால் பாடம் எப்போது முடியும்? முதல் பத்து நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் இதற்கே போகட்டும், பத்து மணி நேரம். முன்னே போட்ட கணக்கில் திரும்பக் கிடைப்பது நூறு மணிக்கு மேல். உண்மையில் நேரத்தைத் தின்பது வேறு. மதிப்பீட்டைச் செயலியில் ஏற்றும் வேலையைப் பற்றி ஆசிரியர்கள் சொல்லும் குறை நியாயமானது, அதைத் துறைதான் தீர்க்க வேண்டும்.

மூன்றாவது ஆட்சேபம் பெற்றோர்களிடமிருந்து வருவது, அதற்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும். நன்றாகப் படிக்கும் என் பிள்ளை படிக்காத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தே காலத்தைக் கழிக்கிறதே, அது சம்பளமில்லாத ஆசிரியரா என்கிறார்கள். இந்தக் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. திண்ணைப் பள்ளியிலும் மெட்ராஸ் முறையிலும் பிள்ளையை ஆசிரியருக்கு மாற்றாகவே வைத்தார்கள், செலவு மிச்சம் என்பதற்காக. அது தவறு. ஆனால் நோரீன் வெப் என்ற ஆய்வாளர் பிள்ளைகளின் குழுப் பேச்சைப் பிரித்துப் பார்த்துக் கண்டது வேறு. விளக்கிச் சொல்கிற பிள்ளையின் அறிவு வளர்கிறது. விடையை மட்டும் சொல்லக் கேட்ட பிள்ளைக்குப் பயன் ஏதும் இல்லை. கலெக்டர் கேம்பெல் அரைகுறையாகக் கண்டதன் முழு உருவம் இது. எனவே பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டியது ஒரே ஒரு கட்டுப்பாடு: விடையைச் சொல்லக் கூடாது, வழியைச் சொல்லலாம். ‘பன்னிரண்டு’ என்று சொல்வது உதவி இல்லை. ‘பத்துல ஒண்ணை எடுத்து இங்க வை, இப்ப எண்ணு’ என்பது உதவி. இதைப் பழக்க ஒரு மாதமாவது ஆகும், நாமே பெரும்பாலும் விடையைத்தான் சொல்லிவிடுகிறோம். மேலும், சொல்லிக்கொடுக்கும் பிள்ளை எப்போதும் ஒரே பிள்ளையாக இருந்தால் பெற்றோரின் கோபம் முழுதும் நியாயமாகிவிடும். கணக்கில் பின்தங்கிய பிள்ளைக்குச் சாமையும் தினையும் பார்த்ததும் பிரித்தறியத் தெரியும், எந்தக் காயை எந்த மாதம் பறிப்பது என்று தெரியும், படம் வரையத் தெரியும். அந்த அறிவு தேவைப்படும் வேலையையும் வாரத்தில் ஒரு நாளாவது குழுவின் முன் வைப்பது ஆசிரியரின் கடமை. கோகனும் இதைத்தான் மருந்தாகச் சொன்னார்.

பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளே இருக்கும் பள்ளியில் குழுவுக்கு எங்கே போவது என்பார்கள். மூன்று பேர் போதும்; வெவ்வேறு வகுப்பைச் சேர்ந்த மூன்று பேர் என்றால் இன்னும் நல்லது.

கடைசி ஆட்சேபம்தான் கனமானது. மணி அடித்தால் எழு, கை உயர்த்தினால் அடங்கு என்று பழக்குவது பிள்ளைகளை இயந்திரமாக்காதா? ஆக்கும், அந்த நடைமுறை ஆசிரியரின் சௌகரியத்துக்காக மட்டும் இருந்தால். கேம்பெல் கண்ட பள்ளியில் வருகை முறை கச்சிதமாக இருந்தது, அடியும் கச்சிதமாக விழுந்தது. அதனால் ஒரு நடைமுறையை எடைபோட நான் இரண்டு கேள்விகள் கேட்பேன். இது பிள்ளை தன் வேலையைத் தானே தொடங்க உதவுகிறதா? பிள்ளைகள் இது சரிப்படவில்லை என்று சொன்னால் மாற்ற முடியுமா? தண்ணீர்ப் பானையிடம் தினமும் நெரிசல் என்றால் அதைத் தீர்க்கும் வழியை வெள்ளிக்கிழமை கடைசி மணியில் வகுப்பே பேசி முடிவு செய்யட்டும். வரும் வாரம் செய்து பார்த்து, ஒத்துவராவிட்டால் மாற்றட்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இது முடியும்.

இந்த ஆட்சேபத்தின் முழு எடையும் தெரியும் இடம் ஜவ்வாது மலையிலேயே இருக்கிறது. ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத் துறை நடத்தும் உண்டு உறைவிடப் பள்ளிகளில் மலையாளி என்ற பழங்குடி இனத்துப் பிள்ளைகள் சின்ன வயதிலேயே வீட்டை விட்டு வந்து தங்கிப் படிக்கிறார்கள். விடியற்காலை எழுப்பும் மணியிலிருந்து இரவு விளக்கு அணைக்கும் மணி வரை அவர்களுடைய நாள் முழுதும் பெரியவர்கள் வகுத்த நடைமுறைதான். குளிப்பதும் சாப்பிடுவதும் துணி துவைப்பதும் வரிசையில். வீட்டிலிருக்கும் பிள்ளைக்குக் கிடைக்கும் தெருவும் மாலை நேரமும் அவர்களுக்கு இல்லை. அங்கே வகுப்பறையும் இன்னொரு வரிசையாகிவிட்டால், அந்தப் பிள்ளை ஒரு நாளில் தானாக முடிவெடுக்கும் இடமே இராது. சட்டாம்பிள்ளை முளைப்பதும் அங்கேதான் சுலபம். விடுதியில் பெரிய பிள்ளைகளிடம் சின்னப் பிள்ளைகள் படும் பாட்டை வகுப்பறைக்குள்ளும் தொடரவிட்டால் அதைக் கேட்பாரில்லை. ஆகவே நான் சொன்ன ஏணி, சுற்றும் பொறுப்பு, மூன்று நிலையும் கலந்த பாய், வெள்ளிக்கிழமைப் பேச்சு எல்லாவற்றையும் எங்காவது தொடங்குவதென்றால் அங்கே தொடங்கச் சொல்வேன். அதற்குப் பெரிய நிதி தேவையில்லை. பாய், சிலேட்டு, அட்டை வைக்க ஒரு தாழ்வான அலமாரி, சுவரில் ஒரு பொறுப்புப் பலகை இருந்தால் போதும். வருகிற ஜூனின் முதல் பத்து நாள் பாடம் எவ்வளவு முடிந்தது என்று அந்த ஆசிரியர்களை யாரும் கேட்காமல் இருக்க, துறையிலிருந்து ஓர் உத்தரவு மட்டும் வேண்டும்.